கையடக்க நூலகத்தில் எதை நிரப்புவது?



சபர் முடித்து ஊர் திரும்பும் நம் பிள்ளைகளின் பெட்டிகளில், அத்தர்க் குப்பிகளுக்கும் பேரீச்சம்பழப் பொட்டலங்களுக்கும் இடையே, சிலேட்டுப் பலகை போன்ற மெல்லிய கருவியொன்றும் இப்போது வரத் தொடங்கியிருக்கிறது. மின்னூல் வாசிப்புக் கருவி என்பது அதன் பெயர். கிண்டில், கோபோ என்று வணிகப் பெயர்கள் பல. கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் இராஜகிரியிலும் கண்பார்வை மங்கிய பெரியவர்களுக்கும், கல்லூரிக்குச் செல்லும் பெண் பிள்ளைகளுக்கும் இது அன்பளிப்பாக வந்து சேர்கிறது.

வந்த கருவி பல இல்லங்களில் ஒரு வாரம் புதுமையாக இருக்கிறது. பிறகு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. காரணம் கேட்டால் இரண்டே விடைகள்: "சார்ஜ் நிற்கவில்லை" என்பது ஒன்று, "அதில் நமக்குப் படிக்க ஒன்றுமில்லை" என்பது மற்றொன்று. முதல் குறையைப் போக்குவது எளிது. இரண்டாவது குறையோ கருவியின் குறையன்று, நம்முடைய குறை. இந்த மாதம் இரண்டையும் பற்றிப் பேசுவோம்.

மின்தாள் எவ்வாறு இயங்குகிறது?

கைப்பேசியின் திரையும் இக்கருவியின் திரையும் ஒன்றல்ல. கைப்பேசித் திரை விளக்கைப் போலத் தானே ஒளிவிடுவது. இதன் திரையோ தாளைப் போல, மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது. கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் இலட்சக்கணக்கில் அதனுள் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வொரு குமிழிலும் வெண்துகள்களும் கருந்துகள்களும் எதிரெதிரான மின்தன்மையுடன் மிதக்கின்றன. மின்சாரம் ஒரு கணம் பாயும்போது கருந்துகள் மேலே வந்தால் அங்கே எழுத்து. வெண்துகள் மேலே வந்தால் அங்கே வெற்றிடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் நடந்த ஆராய்ச்சியின் பயனாக 1997இல் 'இ இங்க்' நிறுவனம் தோன்றியது. இவ்வகைத் திரையுடன் சோனி நிறுவனம் 2004இல் ஜப்பானில் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமேசானின் கிண்டில் 2007 நவம்பரில் வெளிவந்தது.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பக்கம் மாறும்போது மட்டுமே இத்திரைக்கு மின்சாரம் தேவை. மாறிய பக்கம் மின்சாரமின்றியே நிலைத்து நிற்கும். அதனால்தான் நாள்தோறும் மின்னேற்றம் கேட்கும் கைப்பேசிக்கு மாறாக, இக்கருவி ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைக்கிறது. "சார்ஜ் நிற்கவில்லை" என்ற குறை எழுமானால், பெரும்பாலும் வைஃபை இணைப்பும் முன்விளக்கும் ஓயாமல் எரிந்துகொண்டிருப்பதே காரணம். படிக்கும்போது வைஃபையை அணைத்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில் முன்விளக்கைக் குறைத்து விடுங்கள். இவ்விரண்டும் போதும்.

மின்னேற்றும் முறை

புதுக் கருவியை முதன்முதலில் எட்டு மணி நேரம் மின்னேற்ற வேண்டும் என்று சிலர் அறிவுரை கூறுவர். அது பழைய நிக்கல் மின்கலங்களின் காலத்து வழக்கம். இன்றைய கருவிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். இதனை உருவாக்கிய மூவருக்கு 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வகை மின்கலத்திற்கு நீண்ட முதல் மின்னேற்றம் தேவையில்லை. நிறைந்துவிட்டது என்று கருவி காட்டியவுடன் எடுத்துவிடலாம். பொதுவாக இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

இல்லத்தில் உள்ளோர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில:

ஐந்து வோல்ட் அளவுள்ள, பெயர்பெற்ற நிறுவனத்தின் சார்ஜரையே பயன்படுத்துங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெயரற்ற சார்ஜர்கள், மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் ஊர்களில் கருவிக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து.

மின்கலம் அடியோடு தீரும்வரை காத்திருக்க வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கு எஞ்சும்போதே மின்னேற்றுங்கள். பல மாதங்கள் பயன்படுத்தாமல் வைப்பதானால், பாதி அளவு மின்னேற்றி வையுங்கள். முற்றிலும் தீர்ந்துபோன கருவி, சார்ஜரில் செருகிய பிறகும் சிறிது நேரம் உயிரற்றதுபோலக் கிடக்கும். பழுதென்று எண்ணிக் கலங்காமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள்.

வெப்பமே இம்மின்கலத்தின் பெரும் பகை. சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும், ஓட்டு வீட்டின் பரண்மீதும், அடுப்பங்கரையிலும் வைக்காதீர்கள். தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் செருகுமிடத்தில் ஈரம் பட்டிருந்தால், நன்றாக உலர்ந்த பிறகே மின்னேற்றுங்கள்.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை நம் மாவட்டங்கள் மறக்கவில்லை. இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களில், முன்கூட்டியே மின்னேற்றி வைத்த இக்கருவி, பகல் வெளிச்சத்தில் பல நாட்கள் படிக்க உதவும். பவர் பேங்க் ஒன்று இருந்தால் அதைக் கைப்பேசிக்கென்று ஒதுக்கிவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தவுடன் டார்ச் விளக்கையும் கைப்பேசியையும் மின்னேற்றும் பழக்கத்தோடு இதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூலேற்றும் முறை

கருவிக்குள் நூலைக் கொண்டுசேர்க்கும் வழிகளில் எளியவை இரண்டு.

முதலாவது, கேபிள் வழி. கருவியைக் கணினியுடன் இணைத்தால், கணினியில் அது தனியொரு பெட்டியாகத் தோன்றும். நூலின் கோப்பை நகலெடுத்து அதற்குள் இட வேண்டும். கிண்டிலாயின் 'டாக்குமெண்ட்ஸ்' என்ற உறைக்குள் இட வேண்டும். முடிந்தபின் கேபிளைப் பிடுங்கி எடுக்காமல், கணினியில் முறைப்படி விடுவித்த பிறகே எடுக்க வேண்டும். இல்லையேல் கோப்பு சிதையக்கூடும். இணைத்தும் கணினியில் ஒன்றும் தோன்றவில்லையாயின், உங்கள் கேபிளை ஐயுறுங்கள். கடைகளில் விற்கும் கேபிள்களில் சில மின்சாரத்தை மட்டுமே கடத்தும், கோப்பைக் கடத்தா. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டாவது, கம்பியில்லா வழி. கிண்டிலுக்கென்று மின்னஞ்சல் முகவரியொன்று கொடுக்கப்படும். நீங்கள் முன்னரே பதிவு செய்த முகவரியிலிருந்து அதற்குக் கோப்பை அனுப்பினால், வைஃபை இருக்கும் நேரத்தில் கருவி அதனை வாங்கிக்கொள்ளும். துபாயில் இருக்கும் மகன், பண்டாரவாடையில் இருக்கும் அத்தாவுக்கு ஒரு நூலை இவ்வாறு அனுப்பிவைக்க முடியும்.

ஆனால் எந்தக் கோப்பை அனுப்புவது என்பதில்தான் பலர் இடறுகின்றனர். டெல்டா மக்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மேட்டூர் அணை திறந்துவிட்டால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா? வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் தலைமடையிலேயே நீர் நின்றுவிடும். நூலுக்கு வாய்க்கால் அதன் கோப்பு வகை.

வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரும் பி.டி.எஃப். கோப்புகளில் பல, அச்சு நூலின் பக்கங்களைப் புகைப்படமெடுத்துச் சேர்த்தவை. அவற்றில் எழுத்து கிடையாது. எழுத்தின் படம் மட்டுமே உண்டு. ஆறங்குலத் திரையில் அப்படம் குறுகிவிடும். பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடும். கண் மங்கிய பெரியவருக்கு அக்கருவியால் பயனில்லாமற் போவதற்கு இதுவே காரணம். 'இ-பப்' எனப்படும் கோப்பு அவ்வாறன்று. அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே திரைக்கேற்ப மடங்கி அமைந்துகொள்ளும். ஒரு பக்கத்துக்கு எட்டு வரி வரும் அளவுக்குப் பெரிதாக்கினாலும் வாசகம் சிதையாது. கோபோ முதலிய கருவிகள் இவ்வகையை நேரடியாக ஏற்கும். கிண்டிலுக்கு மின்னஞ்சல் வழியாக இ-பப் அனுப்பும் வசதி 2022இல் வந்தது. ஒரு வகையை மற்றொரு வகையாக மாற்ற, கோவித் கோயல் என்பார் உருவாக்கிய 'கேலிபர்' என்ற இலவச மென்பொருள் பல்லாண்டுகளாக உலகெங்கும் பயன்பட்டு வருகிறது.

தமிழுக்கென்றே இன்னொரு தடையும் உண்டு. யூனிகோடு (ஒருங்குறி) பரவுவதற்கு முன் தட்டச்சான கோப்புகள் பலவகை எழுத்துருக்களில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றி என்ற மென்பொருளால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். 1990களில் வெளிவந்த நம் ஊர்ப் பள்ளிவாசல் மலர்கள், மதரஸா ஆண்டு மலர்கள் முதலியவற்றின் பழைய கோப்புகள் எவரிடமேனும் இருந்தால், அவையும் இவ்வழியில் மீளும்.

அரபு எழுத்தும் குர்ஆன் ஷரீஃபும்

அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து உருமாறுவது. சில கருவிகளில் அவை தனித்தனியாகப் பிரிந்தோ, வரிசை தலைகீழாகவோ, ஜபரும் ஜேரும் இடம் மாறியோ தோன்றுவதுண்டு. துஆக்களும் வசனங்களும் அடங்கிய நூலை ஏற்றியவுடன், அரபு அறிந்த ஒருவரிடம் சில பக்கங்களைக் காட்டிச் சரிபார்த்த பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரு புள்ளி இடம் மாறினால் பொருளே மாறிவிடும் மொழி அது.

குர்ஆன் ஓதுவதற்கு இல்லத்தில் அச்சிட்ட முஸ்ஹஃபே முதன்மையாக இருக்கட்டும். பயணத்தின்போது கருவியில் ஓத விரும்பினால், தட்டச்சுப் பிரதியை விட, சரிபார்க்கப்பட்ட முஸ்ஹஃபின் பக்கங்களை அப்படியே படமாகக் கொண்ட கோப்பே பாதுகாப்பானது. மேலே குறை கூறிய படக்கோப்பு இங்கே மட்டும் நிறையாகிறது. இக்கருவி முஸ்ஹஃபின் சட்டத்தைப் பெறுவதில்லை என்பது இக்கால உலமாக்கள் பலரின் கருத்து. எனினும் திரையில் இறைவசனம் தோன்றும்போது உளூவுடன் தொடுவது பேணுதலாகும். ஐயம் எழுந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

எவருடைய நூல்?

இனி, சற்று மனம் நோகக்கூடிய செய்திக்கு வருகிறேன். "கருவியில் ஐயாயிரம் நூல்கள் ஏற்றிவிட்டேன்" என்று இளைஞர்கள் பெருமையோடு கூறக் கேட்கிறோம். அவற்றில் எத்தனை நூல்களுக்கு உரிய விலை கொடுக்கப்பட்டது, அல்லது உரியவரின் அனுமதி பெறப்பட்டது என்று கேட்டால் மௌனமே விடை.

நம் சமுதாயத்தில் நூல் வெளியிடுவோர் பெருமுதலாளிகள் அல்லர். ஒரு தமிழாக்கத்தை ஆயிரம் படிகள் அச்சிட்டு, அதை விற்று முடிக்க ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள். அந்த நூலின் படக்கோப்பு ஒரே இரவில் நூறு குழுக்களுக்குப் பரவினால், அடுத்த நூல் வெளிவராது. "இல்மை மறைக்கலாகாது, ஆகவே பரப்புகிறோம்" என்று சிலர் வாதிடுவர். இல்மைப் பரப்புவது நன்மைதான். ஆனால் பிறருடைய உழைப்பை எடுத்து நம்முடைய நன்மைக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. அது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. அதை உரியவரே மன்னிக்க வேண்டும்.

இவ்விஷயத்தில் முன்னர் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்த ஆலிம்கள் உண்டு. ஆயினும் ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தன் ஐந்தாம் அமர்வில், நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், ஆசிரியர் காலமான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபது ஆண்டுகள் அவ்வுரிமையைப் பாதுகாக்கிறது.

இதனை நம் மண்ணின் எழுத்தாளர்கள் நால்வரைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

நாகூர் குலாம் காதிறு நாவலர் 1908இல் காலமானார். அவருடைய நூல்களை எவரும் தட்டச்சு செய்யலாம், ஏற்றலாம், பகிரலாம்.

நாச்சியார்கோவிலை அடுத்த கீழ்மாந்தூரில் பிறந்து, 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்திய பா. தாவூத்ஷா 1969இல் காலமானார். சட்டப்படி அவருடைய எழுத்தின் உரிமை 2029 முடியும் வரை நிற்கும்.

திருவாரூர்ப் பகுதியின் அபிவிருத்தீஸ்வரத்தில் பிறந்த கவி கா.மு. ஷெரீப் 1994இல் காலமானார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆகவே அவை மக்களின் பொதுச்சொத்து.

1938இல் 'காதலா கடமையா' என்ற புதினத்தை வெளியிட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1998இல் காலமானார். அரசு நாட்டுடைமை ஆக்கினாலோ, வாரிசுகள் விட்டுக்கொடுத்தாலோ அன்றி, அவர் நூல்களின் உரிமை 2058 வரை நீளும்.

ஆகவே ஒரு நூலைக் கருவியில் ஏற்றுமுன், ஆசிரியர் எந்த ஆண்டில் காலமானார் என்று பாருங்கள். உயிருடன் இருப்பவராயின் விலை கொடுத்து வாங்குங்கள். காலமானவராயின் வாரிசுகளிடம் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். "எங்கள் வாப்பாவின் நூலை மக்கள் படிக்கட்டும்" என்று மகிழ்ந்து இசைவு தரும் குடும்பங்கள் நம்மில் இல்லாமல் போகவில்லை.

கவலையின்றி எடுத்துக்கொள்ளத்தக்க நூலகங்களும் உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இலவசமாக வழங்கிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய அச்சு நூல்களின் படங்களைத் திறந்து வைத்திருக்கிறது. இலங்கையின் நூலகம் திட்டம் 2005 முதல் இயங்குகிறது. அங்குள்ள முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் அதில் இடம்பெற்றுள்ளன. எழுத்தாளர்களே விரும்பி அளித்த மின்னூல்களை 2013 முதல் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' குழுவினர் கருவிகளுக்கேற்ற வடிவில் வெளியிட்டு வருகின்றனர்.

ஏற்றியது நிலைக்குமா?

விலை கொடுத்து வாங்கிய மின்னூல் என்றென்றும் நமதே என்று எண்ணிவிட வேண்டாம். பல கடைகளில் நாம் வாங்குவது நூலையன்று. அதைப் படிக்கும் அனுமதியை மட்டுமே. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்கள், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. விற்றவருக்கு அந்நூல்களின் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது; அமேசானின் தலைவர் மன்னிப்பும் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது. ஆகவே, பூட்டில்லாத கோப்பாக விற்கும் பதிப்பகம் கிடைத்தால் அங்கே வாங்குவது நலம். நமக்கு உரிமையுள்ள கோப்புகளைக் கருவியில் ஒன்று, கணினியில் ஒன்று, வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ ஒன்று என்று பிரித்து வைப்பதும் நலம்.

இது நம் முன்னோர் அறியாத பாடமன்று. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச் சுவடிகளைக் கண்டவர்கள் அறிவர்: ஓலைக்கும் ஆயுள் உண்டு. எண்ணெய் பூசிப் பேணினாலும் ஒரு காலத்தில் அது இற்றுப்போகும். அதற்குள் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினால்தான் நூல் பிழைக்கும். பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் கரையானுக்கும் ஆற்றுவெள்ளத்திற்கும் இரையாயின. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த தோழர்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள், ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் தொகுக்கும் பணியை ஒப்படைத்த வரலாற்றை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். நெஞ்சங்களில் இருந்தது போதுமென்று அவர்கள் இருந்துவிடவில்லை. ஈச்ச மட்டையிலும் கல்லிலும் எலும்பிலும் இருந்தவற்றைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சேர்த்தார்கள். பாத்திரம் மாறலாம், அமானத்து மாறலாகாது என்பதே அதன் படிப்பினை.

நம் பங்குக் குடிமராமத்து

"அதில் நமக்குப் படிக்க ஒன்றுமில்லை" என்ற இரண்டாவது குறைக்கு இப்போது வருவோம்.

உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டில் பாடிய சீறாப்புராணம் 5,027 பாடல்களைக் கொண்டது. நெடுங்காலம் ஓலையில் இருந்த அதனை, ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1842இல் அச்சேற்றினார் புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். பின்னர் மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் அதனை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து மின்னூலாக்கினர். இன்று ஒரு பைசா செலவின்றி அக்காவியம் உங்கள் கையிலுள்ள கருவிக்குள் வந்துவிடும். ஓலையிலிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து மின்னெழுத்துக்கு என்று இரண்டு கைமாற்றங்கள். இரண்டிலும் யாரோ சிலர் கூலி பெறாமல் உழைத்திருக்கிறார்கள்.

அவ்வாறு உழைப்பார் கிடைக்காத நூல்கள் எத்தனை! கிஸ்ஸாக்கள், முனாஜாத்துகள், மஸ்அலாக்கள், படைப்போர்கள், நாமாக்கள் என்று நம் புலவர்கள் பாடிவைத்தவை, பழுப்பேறிய தாளில், விரல் பட்டால் உதிரும் நிலையில் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. நம் பாட்டிமார்கள் வீட்டிலிருந்தபடியே மார்க்கம் கற்ற அரபுத்தமிழ்க் கிதாபுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவ்வெழுத்தைத் தடையின்றிப் படிப்போர் தொகை நாளுக்கு நாள் குறைகிறது. படிக்கத் தெரிந்த கடைசிப் பெண்மணி மறைந்துவிட்டால், தாள் இருந்தும் நூல் இல்லை என்ற நிலை வந்துவிடும். கஜா புயலில் கூரை பறந்த வீடுகளில் நெல்லும் பாத்திரமும் நனைந்ததைக் கணக்கெடுத்தார்கள். நனைந்த கிதாபுகளைக் கணக்கெடுத்தவர் யார்?

முற்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வருமுன் ஊரார் ஒன்றுகூடித் தத்தம் பகுதி வாய்க்காலைத் தூர்வாருவர். குடிமராமத்து என்பது அதன் பெயர். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் வர வேண்டும். அதுபோல் வீட்டுக்கு ஒரு நூல் என்று நாம் எடுத்துக்கொண்டால் என்ன?

செய்முறை கடினமன்று. உரிமைக்காலம் முடிந்த ஒரு பழைய நூலை, அல்லது உரியவரின் இசைவு பெற்ற ஒரு நூலைத் தெரிந்தெடுங்கள். நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுங்கள். உதிரும் தாளாயின் கட்டை விரிக்காமல், ஒருவர் பிடிக்க மற்றவர் படமெடுப்பது நல்லது. அச்செழுத்துப் படத்தை எழுத்தாக மாற்றித் தரும் கூகுளின் எழுத்துணரி வசதி தமிழையும் அறியும். ஆனால் பழைய அச்சில் அது தடுமாறும். ரகர றகரமும், ணகர னகரமும் பிறழும். அரபுச் சொற்கள் சிதையும். எனவே மனிதக் கண் ஒருமுறைக்கு இருமுறை மூலத்துடன் ஒப்பிட்டாக வேண்டும். கண்பார்வை நன்றாக உள்ள பேத்தி உரக்கப் படிக்க, பாட்டனார் பழைய சொல்லுக்குப் பொருள் கூறித் திருத்த, விடுமுறை நாட்களில் நாளொன்றுக்கு இரண்டு பக்கங்கள் முடியும். நூற்றிருபது பக்கக் கிதாபு ஒன்று அறுபது நாட்களில் மின்னூலாகிவிடும். அரபுத்தமிழ் நூலாயின், எழுத்தறிந்த பெரியவர் வாசிக்க, இளையவர் தமிழெழுத்தில் தட்டச்சு செய்யட்டும். மூலப் பக்கத்தின் படத்தையும் தவறாமல் உடன் சேருங்கள். பிற்காலத்தில் பிழை கண்டவர் ஒப்பிட்டுத் திருத்த அது வேண்டும்.

மதரஸா நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் கோப்பைகளும் கேடயங்களும் வழங்குகிறோம். ஓர் ஆண்டேனும், ஒரு பழைய நூலை மின்னெழுத்தாக்கிய மாணவ மாணவியருக்குப் பரிசளியுங்கள். அந்நூலின் முகப்பில் அவர்களின் பெயரைப் பொறியுங்கள். ஓதுவதையும் எழுதுகோலையும் முன்னிறுத்தித் தொடங்கிய வஹீயின் சமுதாயம் நாம் என்பதை அப்பிள்ளைகள் சொல்லால் அன்றிச் செயலால் உணர்வார்கள்.

கருவிக்கு மின்னேற்ற மூன்று மணி நேரம் போதும். அதில் நம்முடைய நூல்களை நிரப்பவோ, ஒவ்வொரு வீடும் ஒரு பருவம் உழைக்க வேண்டும். பயன்தரும் கல்வியை விட்டுச் செல்வோரின் நன்மை, மறைந்த பின்னும் தொடரும் என்பது நாம் அனைவரும் அறிந்த நபிமொழியின் கருத்து. உங்கள் வீட்டுப் பரணில், மரப்பெட்டியில், பள்ளிவாசல் அலமாரியில் எந்த நூல் கிடக்கிறதென்று வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தேடிப் பாருங்கள். அதன் பெயர், ஆசிரியர், அச்சான ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். தூர்வாருதல் அங்கிருந்து தொடங்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் முன்னோரின் இல்மைப் பேணும் நற்பேற்றை நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.